ஆர்.சி. வண்டிக்கு ஒரு நல்ல அறுகோணத் திருப்புளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என்னுடைய ஆர்.சி. பக்கியின், அதாவது உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரேடியோ மூலம் இயக்கும் வண்டியின், பின்புற டிஃபரன்ஷியலில் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் பல்சக்கரத் தொகுதியில்) சிலிக்கான் எண்ணெய் மாற்றுவதற்காக, அதைத் தலைகீழாகத் திருப்பி மேசைமேல் வைத்தேன். அடித்தட்டின் வழியாகப் பல்சக்கரப் பெட்டிக்குள் செல்லும் நான்கு திருகாணிகளைக் கழற்றிவிட்டால் பெட்டி கையோடு வந்துவிடும். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. மூன்று திருகாணிகள் எளிதாகக் கழன்றன. நான்காவதில் திருப்புளி ஒரு முறை வழுக்கியது. இரண்டாம் முறை அழுத்தித் திருப்பியபோது குழிக்குள் ஏதோ நொறுங்குவது போன்ற அதிர்வு விரல்களுக்குத் தெரிந்தது. விளக்கை அருகில் கொண்டுவந்து பார்த்தேன். ஆறு மூலைகள் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு வட்டம் இருந்தது.

அந்த ஒரு திருகாணியை வெளியே எடுக்க இரண்டு மாலைகள் பிடித்தன. பழுது என் கையிலிருந்த கருவியில் இருந்தது. தயாரித்தவர் பெயர்கூட அச்சிடப்படாத ஒரு தொகுதியில் வந்த இரண்டு மில்லிமீட்டர் திருப்புளி அது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன், அதன் முனையை ஒரு முறைகூட உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்ததில்லை. அன்று பார்த்தபோது ஆறு விளிம்புகளும் உருண்டு, நுனி சற்றே முறுக்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு இந்தச் சிறு கருவியைப் பற்றி அளந்தும் படித்தும் பலவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே பொழுதுபோக்கில் இருக்கும் மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவுகள். இன்று விற்பனையாகும் பத்தில் ஒரு பங்கு வண்டிகள் பெரும்பாலும் எம்3 திருகாணிகளால் பூட்டப்பட்டவை. அந்த எம்3 என்பது மரையின் விட்டத்தைக் குறிப்பது. தலையிலுள்ள அறுகோணக் குழியின் அளவு தலையின் வடிவத்தைப் பொறுத்து மாறும். உருளைத் தலையுள்ள எம்3 திருகாணிக்கு 2.5 மி.மீ. முனை வேண்டும். பொத்தான் போன்ற கவிந்த தலைக்கும், தட்டோடு தட்டாகப் பதிந்துகொள்ளும் கூம்புத் தலைக்கும் 2.0 மி.மீ. போதும். தலையே இல்லாத எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. தேவைப்படும். எட்டில் ஒரு பங்கு வண்டிகளில் எம்4 திருகாணிகளும் சேர்ந்துகொள்வதால் 3.0 மி.மீ. முனையும் தேவையாகிறது. ஆக 1.5, 2.0, 2.5, 3.0 என்ற நான்கு முனைகள் இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். ஆனால் இந்த நான்கும் சமமான உழைப்பாளிகள் அல்ல. என் வண்டியில் எண்ணிப் பார்த்தபோது, பத்துத் திருகாணிகளில் ஏழு 2.0 மி.மீ. முனையைத்தான் கேட்டன. உருளும் குழிகளிலும் பெரும்பான்மை அந்த அளவில்தான் உருளுகின்றன.

அதற்குக் காரணம் திருகாணியின் வடிவத்திலேயே இருக்கிறது. உருளைத் தலை எம்3 திருகாணியின் குழி, ஐ.எஸ்.ஓ. 4762 என்ற தரத்தின்படி, குறைந்தது 1.3 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். கூம்புத் தலைக்கு 1.1 மி.மீ. கவிந்த தலைக்கு வெறும் 1.04 மி.மீ. அதாவது, ஒரே அளவு மரையைப் பூட்டவும் கழற்றவும், பின்னவை இரண்டும் குறுகலான குழியையும் ஆழமற்ற பிடியையும்தான் நமக்குத் தருகின்றன. போதாக்குறைக்கு அடித்தட்டுக் கூம்புத் தலைகள் தட்டின் சரிவில் தம் முழு முகத்தையும் அழுத்திக்கொண்டு உட்காருவதால் உராய்வு அதிகம். ஓடும்போது தரையில் தேய்ந்து தேய்ந்து தலையின் மேற்பரப்பே கரைவதால், இருக்கிற ஆழமும் நாளடைவில் குறைகிறது. என் நான்காவது திருகாணிக்கு இவை அனைத்தும் நேர்ந்திருந்தன.

இனி முனையும் குழியும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்கலாம். ஒரு திருப்புளியை மதிப்பிட இதைவிட முக்கியமான செய்தி வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. பெயரளவில் 2.0 மி.மீ. எனப்படும் குழி, தரத்தின்படி 2.02 முதல் 2.08 மி.மீ. வரை இருக்கலாம். 2.0 மி.மீ. ஆலன் கீ, அதாவது எல் வடிவ அறுகோணச் சாவி, 1.96 முதல் 2.00 வரை இருக்கலாம். இரண்டும் விதிக்கு உட்பட்டே இருந்தாலும், இடைவெளி ஓரிடத்தில் 0.02 ஆகவும் மற்றோரிடத்தில் 0.12 ஆகவும் அமையலாம். நூற்றில் பத்துப் பங்கு மில்லிமீட்டருக்கு என்ன பெரிய மதிப்பு என்று தோன்றலாம். ஆனால் அறுகோண முனை தன் தட்டையான பக்கங்கள் முழுவதாலும் திருகாணியைத் திருப்புவதில்லை. இடைவெளி இருக்கும் அளவுக்குச் சற்றுச் சுழன்று, தன் மூலைகளுக்கு அருகிலுள்ள மெல்லிய கோடுகளால் குழியின் சுவரை அழுத்தித்தான் திருப்புகிறது. 2.00 மி.மீ. முனையின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான தூரம் 2.31 மி.மீ. அது 2.02 மி.மீ. குழிக்குள் நின்றால், ஒவ்வொரு மூலையும் சுவரைத் தாண்டி ஏறக்குறைய 0.145 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், அந்த நீட்டம்தான் பிடி. 1.96 மி.மீ. முனையை 2.08 மி.மீ. குழிக்குள் விட்டால் அதே பிடி 0.09 மி.மீ. ஆகிவிடும். அதன் மேல் மூலைகளும் ஆளுக்கு 0.05 மி.மீ. தேய்ந்திருந்தால் மிஞ்சுவது 0.04 மி.மீ. ஒரு தாளின் தடிமனில் பாதிகூட இல்லாத அந்த உலோகத்தை நம்பித்தான் நான் அன்று முழு வலுவையும் போட்டிருக்கிறேன்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, முனை உண்மையில் எத்தனை மில்லிமீட்டர் என்பதே. வெர்னியர் காலிப்பர் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துச் செல்லத் தயங்க வேண்டாம். மூன்று ஜோடிப் பக்கங்களையும் தனித்தனியாக அளந்து பார்க்க வேண்டும். மலிவான முனைகளில் ஒரு ஜோடி 1.98 என்றும் அடுத்தது 1.95 என்றும் காட்டுவதை நான் கண்டிருக்கிறேன். மூன்றும் 1.98-க்குக் குறையாமல், தமக்குள் மாறாமல் இருந்தால் அது பொறுப்போடு செய்யப்பட்ட முனை. காலிப்பர் இல்லாதவர்கள் புதிய, துருப்பிடிக்காத ஒரு எம்3 கவிந்த தலைத் திருகாணியை உடன் கொண்டுபோய், முனையில் செருகி, திருப்புளியைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்க்கலாம். நல்ல முனையில் திருகாணி சரிந்து விழாமல் நிற்கும்; இடமும் வலமுமாக அசைத்தால் ஆட்டம் கைக்கு மிகக் குறைவாகவே தெரியும். நுனியின் முகம் தட்டையாக, செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எளிதாக நுழையட்டும் என்று நுனியைப் பெரிதாகச் சரிவு செதுக்கியிருந்தால், ஒரு மில்லிமீட்டர் ஆழமே உள்ள குழியில் அந்தச் சரிவே கால் பங்கைத் தின்றுவிடும்.

அடுத்தது எஃகு. நல்ல திருகாணிகளில் 12.9 என்ற வலிமை வகுப்பைச் சேர்ந்தவை இருக்கின்றன. அவற்றின் கடினம் ராக்வெல் சி அளவுகோலில் 39 முதல் 44 வரை. முனை அதைவிடத் தெளிவாகக் கடினமாக இருந்தால்தான் தேயாமல் நிற்கும். எஸ்2 எனப்படும், அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே உருவான கருவி எஃகு, சரியாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டால் 58-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் செல்லும். குரோம் வனேடியம் எஃகு பெரிய அளவுகளில் நன்றாகவே உழைக்கிறது, 1.5, 2.0 போன்ற மெல்லிய முனைகளில் எனக்கு அதில் நிறைவு ஏற்படவில்லை. டங்ஸ்டன் கார்பைடு முனைகளும் கிடைக்கின்றன. அவை தேய்வதே அரிது, ஆனால் வளைந்துகொடுக்கத் தெரியாதவை. கோணலாகப் பிடித்து நெம்பினால் சில்லாக உடைந்து, உடைந்த துண்டு குழிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே இந்த வேலைக்கு நான் எஸ்2 பக்கமே நிற்கிறேன். தங்க நிறத்தில் மின்னும் டைட்டேனியம் நைட்ரைடு பூச்சைப் பார்த்து மட்டும் வாங்கிவிடக் கூடாது. அது சில மைக்ரான் தடிமனுள்ள மேற்பூச்சு. அடியிலுள்ள எஃகு மென்மையாக இருந்தால், மூலை நசுங்கும்போது பூச்சும் கூடவே உதிரும். எஃகின் பெயரை மட்டும் அச்சிட்டுவிட்டுக் கடினத்தின் எண்ணைச் சொல்லாத தொகுதிகளை எடுத்துக்கொண்டால், பதப்படுத்தலில் என்ன நடந்தது என்பதை நமக்குத் திருகாணிதான் சொல்ல வேண்டியிருக்கும்.

கைப்பிடியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வியர்த்த கையில் வழுக்காத சொரசொரப்பும், உள்ளங்கையில் ஊன்றி விரல்களால் உருட்டத் தோதான சுழலும் தலைப்பாகமும் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். அறுகோணத் தண்டு முறுக்கைத் தாங்கும் வலு அதன் அளவின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும், ஆகவே 1.5 மி.மீ. முனை 2.0 மி.மீ. முனையின் வலுவில் நூற்றுக்கு 42 பங்கும், 2.5 மி.மீ. முனையின் வலுவில் நூற்றுக்கு 22 பங்கும் மட்டுமே தாங்கும். நான்குக்கும் ஒரே பருமனுள்ள கைப்பிடியை மாட்டித் தரும் தொகுதிகளில், 1.5 மி.மீ. திருப்புளியைப் பிடிக்கும்போது கை தன்னையறியாமல் 2.5-க்குரிய வலுவைக் கொடுத்துவிடுகிறது. சிறிய அளவுக்குச் சிறிய கைப்பிடி இருந்தால் அந்த ஆபத்து குறையும். தண்டின் நீளத்திலும் இதே கணக்குதான்: பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் அதிர்வுதாங்கிகளைப் பிடித்து நிற்கும் ஷாக் டவருக்குப் பின்னாலும் பேட்டரித் தட்டின் மூலையிலும் எட்டும், அதற்கு மேல் நீண்டால் மெல்லிய தண்டு முறுக்கிக்கொண்டு, திருகாணி அசைந்ததா தண்டு முறுகியதா என்று விரலுக்குத் தெரியாமல் போகும்.

முனையை மட்டும் தனியே மாற்ற முடிகிறதா என்பதை நான் இப்போது கட்டாயமாகப் பார்க்கிறேன். எவ்வளவு நல்ல எஃகானாலும் தேயும். தேயும்போது கைப்பிடியோடு சேர்த்துத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்றால், முதலில் கூடுதலாகக் கொடுத்த பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். ஆர்.சி. பந்தயக்காரர்கள் மத்தியில் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஸ்லோவாக்கியாவின் ஹூடி, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து வரும் எம்.ஐ.பி. ஆகிய இரண்டும் இப்படி மாற்று முனைகளைத் தனியே விற்கின்றன. எம்.ஐ.பி.யின் தார்ப் வரிசையைக் கையில் எடுத்தால் முனைக்கும் குழிக்கும் இடையில் காற்றுக்குக்கூட இடமில்லாதது போன்ற உணர்வு கிடைக்கும். பழக்கமில்லாதவர்கள் முதலில் அளவு தவறிவிட்டதோ என்று ஐயுறுவார்கள். ஆர்.சி. உலகுக்கு வெளியே, பொதுவான கருவிகளைச் செய்பவர்களில் ஜெர்மனியின் விஹாவும் வேராவும், சுவிட்சர்லாந்தின் பி.பி. சுவிஸ் டூல்ஸும், அமெரிக்காவின் பாண்டஸும் நம்பத் தகுந்தவை. வேராவின் ஹெக்ஸ்-பிளஸ் என்ற முனை வடிவம், மேலே சொன்ன மூலைக் கோட்டுத் தொடுகையை அகலமான தொடுபரப்பாக மாற்றுவதற்காகவே வகுக்கப்பட்டது. ஏற்கெனவே சற்று உருண்டுபோன குழியிலும் அது பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆர்.சி. என்ற பெயர் ஒட்டிய பெட்டியில் வந்தால்தான் ஆர்.சி.க்கு உதவும் என்று எண்ண வேண்டியதில்லை. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் டபாரியா ஆலன் கீ தொகுதி ஒன்று என் பெட்டியில் எப்போதும் இருக்கிறது. சக்கர அச்சுக்கு அருகில் இறுகிப்போன 2.5, 3.0 மி.மீ. திருகாணிகளை முதலில் அசைத்துவிட, எல் வடிவத்தின் நெம்புவலுவுக்கு நேர்த் திருப்புளி ஈடாகாது. கையிருப்பு குறைவாக உள்ளவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நான்கையும் உயர்ந்த தரத்தில் ஒரே நாளில் வாங்க வேண்டாம், 2.0, 1.5 இரண்டை மட்டும் நல்லதாக வாங்கிக்கொண்டு, 2.5-க்கும் 3.0-க்கும் ஒரு தரமான எல் சாவித் தொகுதியை வைத்து ஓட்டலாம். பத்து அளவுகள் அடங்கிய பெரிய பெட்டியின் பளபளப்பைவிட இந்த இரண்டு முனைகளே வண்டியைக் காப்பாற்றும்.

பந்து முனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண்டஸ் நிறுவனம் 1960-களில் பரவலாக்கிய இந்த வடிவம், 25 பாகை வரை சாய்த்துப் பிடித்தபடியே திருகாணியைச் சுழற்ற இடம் தருகிறது. மோட்டாருக்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகாணிக்கு அது பெரும் உதவி. ஆனால் பந்தின் கழுத்து ஒடுங்கியது, குழிச் சுவரைத் தொடும் பரப்பும் மிகக் குறைவு. தளர்ந்த திருகாணியை விரைவாகச் சுழற்றி எடுக்கவும், மறுபடி மரையில் ஏற்றவும் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். முதல் அசைவும் கடைசி இறுக்கமும் தட்டை முனைக்கே உரியவை. ஒரே ஒரு 2.0 மி.மீ. திருப்புளி வாங்க இயலும் என்றால் தட்டை முனையை வாங்குங்கள்.

பழைய அமெரிக்க வண்டிகளை வாங்கிப் புதுப்பிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. டீம் அசோசியேட்டடின் பி4 பக்கி போன்ற வண்டிகள் அங்குல அளவுத் திருகாணிகளோடு வந்தவை. அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு 1.59 மி.மீ.; முப்பத்திரண்டில் மூன்று பங்கு 2.38 மி.மீ. அந்தப் பதினாறில் ஒரு பங்குக் குழிக்குள் நம் 1.5 மி.மீ. முனை தாராளமாக நுழையும், நுழைந்த வேகத்தில் வழுக்கவும் செய்யும். அறுபத்து நான்கில் ஐந்து பங்கு என்பது 1.98 மி.மீ. என்பதால், அது 2.0 மி.மீ. குழியில் பொருந்தி மெட்ரிக் முனையோடு எளிதில் கலந்துவிடும். இரண்டு வகையும் வீட்டில் இருந்தால் கைப்பிடியில் வண்ண நாடா சுற்றிப் பிரித்து வைப்பது நல்லது. டாமியாவின் டிடி-02 போன்ற வண்டிகளோடு வருபவை சிலுவைக் குழித் திருகாணிகள். அவற்றுக்கு ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். திருப்புளி வேண்டும் என்பதால், அறுகோணத் திருகாணித் தொகுதிக்கு மாற்றும் வரை இந்தக் கட்டுரை அவ்வண்டிகளை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படாது.

கருவி நல்லதாக இருந்தாலும் பயன்படுத்தும் முறை தவறினால் பயனில்லை. குழிக்குள் மண் இறுகியிருந்தால் முனை அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், மேலே தொட்டுக்கொண்டு நிற்பது நமக்குத் தெரியாது. ஊசியாலோ பல்குத்தும் குச்சியாலோ ஒவ்வொரு குழியையும் சுரண்டிவிட்டு, முனையைச் செருகி, கைப்பிடியின் தலையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி, அடி தொட்ட உணர்வு வந்த பிறகே திருப்ப வேண்டும். மோட்டார் தண்டில் மாட்டியிருக்கும் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தின் கிரப் ஸ்க்ரூவில் நீல நிற மரைப் பூட்டுப் பசை போட்டிருப்பார்கள், அங்கே 1.5 மி.மீ. முனையை நம்பி வலுவைக் காட்டுவதற்கு முன், சாலிடரிங் அயர்னின் நுனியை அந்த ஸ்க்ரூவின் மேல் அரை நிமிடம் ஊன்றிப் பிடித்தால் பசை இளகிவிடும். பிளாஸ்டிக்கில் பூட்டும்போது, திருகாணியை முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுழற்றி, அது பழைய மரைத் தடத்தில் ‘டக்’ என்று விழுவதை உணர்ந்த பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும். மின் திருப்புளியின் வேகம் அந்த உணர்வைத் தராது. உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் மரையை உருக்கியும் விடும்.

என் நான்காவது திருகாணி எப்படி வெளியே வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் மாலை முழுவதும் ரப்பர்த் துண்டு வைத்து அழுத்துவது போன்ற, பலர் சொல்லும் உபாயங்களில் கழிந்தது, எதுவும் பலிக்கவில்லை. இரண்டாம் மாலை, நட்சத்திர வடிவமுள்ள டி8 டார்க்ஸ் பிட் ஒன்றை எடுத்தேன். அதன் முனையிலிருந்து முனைக்கு 2.31 மி.மீ.; அதாவது, உருளாத 2.0 மி.மீ. குழியின் மூலைக்கு மூலை அளவேதான். உருண்டுபோன குழியின் சுவரில் அதைச் சிறு சுத்தியலால் தட்டி இறக்கியபோது, ஆறு முனைகளும் புதிதாகத் தடம் வெட்டிக்கொண்டு இறங்கின. அடித்தட்டைச் சாலிடரிங் அயர்னால் சூடாக்கி, பிட்டை ஓர் எல் சாவிப் பிடியில் மாட்டி மெல்லத் திருப்பினேன். கிறீச்சென்று ஓர் ஒலியோடு திருகாணி அசைந்தது. அதைத் திரும்பப் பூட்டாமல் அங்கேயே குப்பையில் போட்டேன். ஒருமுறை உருண்ட திருகாணியை மீண்டும் ஏற்றுவது அடுத்த முறைக்கு அதே இரண்டு மாலைகளைச் சேமித்து வைப்பதாகும்.

தேய்ந்த அந்தத் திருப்புளியை வீசவில்லை. எங்கள் தெருமுனை லேத் பட்டறையில் கொடுத்து, நுனியில் இரண்டு மில்லிமீட்டரை அரைத்து எடுத்துவிடச் சொன்னேன். தேய்வு நுனியில் மட்டுமே இருப்பதால், அதை நீக்கினால் கீழே கூர்மையான விளிம்புள்ள தண்டு இருக்கும். பட்டறைக்கார அண்ணன் சாணைக்கல்லின் அருகில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, “நுனி நீலம் பாஞ்சிருச்சுன்னா டெம்பர் போயிருச்சு தம்பி, தொட்டுத் தொட்டு நனைச்சுத்தான் பிடிக்கணும்” என்று சொல்லியபடியே இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். எஃகு நீல நிறம் கொள்ளும் வெப்பம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ். அந்தச் சூட்டில் முனையின் கடினம் இறங்கிவிடும் என்பதால் அவர் கவலை முற்றிலும் சரியானது. திரும்பி வந்த முனையை அளந்தேன்: 1.96, 1.95, 1.96. பிறக்கும்போதே அளவு குறைந்து பிறந்த முனை அது. எத்தனை முறை சாணை பிடித்தாலும் அந்தக் குறை போகாது. இப்போது அது குழிகளில் மண் சுரண்டப் பயன்படுகிறது. அதன் இடத்தில் மாற்று முனையுள்ள புதிய 2.0 மி.மீ. திருப்புளி ஒன்று இருக்கிறது. அளந்தபோது மூன்று பக்கங்களிலும் 1.99 காட்டியது, அந்த எண்ணையும் வாங்கிய தேதியையும் ஒரு சிறு தாளில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பதற்காக.